சீமாட்டியின் வீரர்

"அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க கஸ். இனிமே என்னால ஆகாது" என்றாள் லொரெட்டா. முழங்கை வரை மாவு.

சங்கத் தலைவர் கஸ் தன் நீண்ட அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றைத் தாண்டி வந்தார். "இதைச் சாயங்காலம் பேசிக்கலாமே?"

"சாயங்காலமும் இதையேதான் சொல்வேன். இடுப்பு போச்சு. ராத்திரி மழையில ரெண்டு கூடாரம் சாஞ்சு கிடக்கு. பார்லி சூப் இன்னும் அடுப்புல ஏறல."

ஒஹாயோவின் அந்தச் சிற்றூரில், கால்நடைக் கண்காட்சி நடக்கும் திடல், வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் எண்ணூறு வருஷம் பின்னால், ஐரோப்பிய வீரர்களும் சீமாட்டிகளும் வாழ்ந்த காலத்துக்குப் போய்விடும்; சங்கத்து ஆட்கள் எல்லாரும் வேஷம் கட்டி வருவார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பிரபுவாகிவிடுவார். பல் டாக்டர் வில்லாளியாகிவிடுவார். மாட்டுக் கொட்டகைக்குள் கம்பளி நூற்பார்கள், மெழுகுவத்தி வார்ப்பார்கள், இரும்பு வளையங்களைக் கோத்துச் சட்டை பின்னுவார்கள். வெளியே கயிறு கட்டிய களத்தில் பிரம்பு வாள்களோடு போட்டி. அத்தனைக்கும் பொறுப்பு லொரெட்டா.

"சீமாட்டிக்கு வணக்கம்!"

குரலைக் கேட்டதுமே மாவுக் கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். வெண்டெல் நின்றிருந்தார். கக்கத்தில் தலைக்கவசம், தாடி முழுக்க நரை.

"வந்துவிட்டீரா வீரரே? முதுகுப் பட்டியைக் கட்டத் தெரியாமல் திண்டாடுவீரே! திரும்பும்."

அவர் திரும்பினார். அவள் மார்க்கவசத்தின் பட்டிகளை இழுத்துப் பூட்டினாள். "போன வருஷம் இந்த ஓட்டைக்கு எட்டவே இல்ல. இப்ப தொளதொளன்னு இருக்கு. என்ன ஆச்சு உனக்கு?"

"சர்க்கரைன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல ஒரு துண்டு கேக்கைக்கூடக் கண்ணுல காட்டறதில்ல."

"வேணும் உனக்கு" என்று சிரித்தவள், தன் கூந்தலிலிருந்த நீல ரிப்பனை அவிழ்த்து அவர் கையில் கட்டிவிட்டாள். சீமாட்டி ரிப்பன் கட்டாமல் எந்த வீரனும் களம் இறங்கக் கூடாது.

களத்தோரம் கைலா நின்றிருந்தாள். முதல்முறையாக வந்திருந்த பெண். அவளை மணக்கப்போகிற பிரென்ட்டும் இரவல் கவசம் மாட்டிக்கொண்டு போட்டியில் இறங்கியிருந்தான்.

"உங்க ரெண்டு பேரையும் காலையிலேர்ந்து பாத்துட்டே இருக்கேன், மேடம்" என்றாள் கைலா. "உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"நீ பிறக்கறதுக்கு முன்னாடி. இதோ, நீ நிக்கிற இடத்துலதான். இவர் இரும்புக் கையுறையைக் கழட்டவே மறந்துட்டார். மோதிரம் எப்படி ஏறும்? பாதிரியார் பாதி மந்திரத்துல சிரிச்சுட்டார்." லொரெட்டாவின் கண் எங்கோ போயிற்று. "அன்னைக்கும் இதே மாதிரி சேறு. என் கவுன் முழங்கால் வரைக்கும் கறுப்பு."

"சண்டையே போட மாட்டீங்களா?"

"இந்தத் திடல்ல ஒரு தடவைகூடப் போட்டதில்ல."

மூன்றாவது சுற்றில் வெண்டெலும் பிரென்ட்டும் மோதினார்கள். வெண்டெலின் கை ஓங்கியிருந்தது. திடீரென்று அவர், "பட்டுடுச்சு!" என்று கத்தி வாளைப் போட்டுவிட்டுச் சேற்றில் மல்லாந்தார். அடி பட்டதை நடுவர் பார்க்கவில்லை. அடித்த பிரென்ட்டுக்கே தெரியவில்லை. பட்டவர்தான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"சும்மா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாரே!" என்றாள் கைலா.

"இங்க அவர் பொய் சொன்னதே கிடையாது" என்றாள் லொரெட்டா.

நொண்டிக்கொண்டே வந்த வெண்டெல், கயிற்றுக்கு இப்பால் நின்றவளின் கையைப் பிடித்து முத்தமிட்டார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"விடப்போறியாமே? கஸ் சொன்னார்."

"வயசாகுதுல்ல?"

"நீ நடத்தலேன்னா நான் வரமாட்டேன் லொரெட்டா."

"ஏன், பட்டி கட்ட வேற ஆளா கிடைக்காது?"

"கிடைக்கும்" என்றார் அவர். அவள் கையை மட்டும் விடவில்லை.

கைலா இடையில் புகுந்தாள். "நாங்களும் உங்களை மாதிரியே இங்க வந்து கல்யாணம் பண்ணிக்கப்போறோம். அடுத்த வருஷம். நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தணும், மாட்டேன்னு சொல்லக் கூடாது!"

பந்தி முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு லொரெட்டா கஸ்ஸைத் தேடிப் போனாள்.

"அடுத்த வருஷமும் நானே பாத்துக்கறேன்."

"தெரியும்" என்றார் கஸ். பழைய ஆள் அவர்.

வெயில் சாயும்போது கூடாரங்கள் இறங்கிவிட்டன. பிரபுக்கள் ஜீன்ஸுக்கு மாறிவிட்டார்கள். வேலியோரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் இருந்த பெண் கையசைத்தாள். வெண்டெல் கவசப் பையைப் பின்னால் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். லொரெட்டா ஜன்னலருகே குனிந்தாள்.

"பெவர்லி, இடது முழங்காலுக்கு இன்னைக்கு ஐஸ் வச்சே ஆகணும். வேண்டாம்னு அடம்பிடிப்பார், விடாதே."

"பாத்துக்கறேன். ரொம்ப தேங்க்ஸ் லொரெட்டா."

கார் சாலையில் திரும்பி மறையும் வரை லொரெட்டா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க கூடப் போகலையா?" கைலாவுக்குக் குழப்பம். "வந்தவங்க யாரு, உங்க நாத்தனாரா?"

"அவரோட பொண்டாட்டி" என்றாள் லொரெட்டா. "பதிமூணாம் நூற்றாண்டுல எங்களுக்குள்ள ஒரு குறையும் வந்ததில்ல கண்ணு. இந்த நூற்றாண்டுலதான் சேர்ந்து குடும்பம் நடத்த முடியல."