அறுபது மில்லிமீட்டர்

சாவியைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே இது உன் வீடுடா. பசங்களுக்குத் தனி ரூம் இருக்கு, ஜன்னலைத் திறந்தா பார்க் தெரியும். நல்லா இரு."

தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு தேம்பினான். சாமான் தூக்க வந்த ஆட்கள்கூட பீரோவை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்கள்.

மூன்று அறை வீட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, எதிர்க் கட்டடத்தில் தம்பியின் இரண்டு அறை வீட்டுக்கு அண்ணன் குடிபோகிறார். பரிவர்த்தனைப் பத்திரம் போன வாரமே பதிவாகிவிட்டது. "பெரிய வீட்டைக் கொடுத்துட்டுச் சின்ன வீட்டுக்குப் போறாரே, இந்தக் காலத்துல யாரு இப்படிச் செய்வா?" என்று லிஃப்ட்டுக்குள் ஒரே பேச்சு.

காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அண்ணன்தான் தன் பதினான்கு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஒன்பதாவது மாடியில் விரிசல் என்று யாரோ புலம்பப்போய், கட்டடம் சாய்கிறதா என்று மாதாமாதம் அளக்க ஒரு சர்வேயரைப் பிடித்துப் போட்டிருந்தார். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்துதான் இந்தக் கட்டடத்தின் உச்சி முழுசாகத் தெரியும்; அந்த மொட்டைமாடிச் சாவியைத் தம்பிதான் வாங்கிக் கொடுத்தான்.

பத்து மாதம் அலுக்காமல் அளந்த சர்வேயர், இரண்டு மாதத்துக்கு முன் சங்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "சார், உச்சி அறுபது மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. வெயில்ல வளையறதா இருந்தா பொழுது சாஞ்சதும் திரும்பிடும். இது திரும்பலை. மாசத்துக்கு மாசம் ஒரே திசையில கூடிக்கிட்டே போகுது."

"விழுந்துடுமா?"

"இப்படியே வேகம் எடுத்தா எத்தனை நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. இன்னொரு விதமா அளந்து சரிபார்த்துட்டுத்தான் எழுத்துல கொடுப்பேன்."

"நிதானமாப் பாருங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க," என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "மாசமா இருக்கிற பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளே! எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, காலி பண்ணட்டும்."

"சொன்னா அப்புறம் இந்த வீட்டை எவன் தொடுவான்? தம்பிகிட்ட மாத்திக்கலாம்னு இருக்கேன்."

"ஐயோ, அவர் பிள்ளைங்க ரெண்டும் பச்சைக் குழந்தைங்க!"

"உன் பொண்ணு வயித்துல இருக்கிறது மட்டும் என்ன, கிழமா?"

வெட்கக்கேடு, மறுநாளே அவள் பாத்திரங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூட்டுவலி, பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியவில்லை, குழந்தைகளுக்கு இடம் பற்றாது என்று அண்ணன் ஏழெட்டுக் காரணங்களைத் தயார் பண்ணிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. "நீங்க சொன்னா சரிதாண்ணா. பத்திரம் என்னைக்கு?" என்றான் தம்பி.

அப்பாவி என்று அண்ணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவருக்குப் புதுப் பெயிண்ட், கதவுகளின் அடிப்பக்கமெல்லாம் புதிதாக இழைத்து, இடிக்காமல் சாத்தும்படி செய்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் சுத்தக்காரன்.

குடிபோன நான்காம் நாள் காலையில் சர்வேயர் வந்து நின்றார். செயலாளர் எதிர்க் கட்டடத்தில் இருக்கிறார் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். சர்வேயர் முகமெல்லாம் சிரிப்பு.

"சார், நல்ல சேதி! நம்ம கட்டடம் மலை மாதிரி நிக்குது."

"அப்ப அந்த அறுபது மில்லிமீட்டர்?"

"தப்பு என்னோடதுதான் சார். மாடிப்படி சந்துல உச்சியிலேர்ந்து தரை வரைக்கும் தூக்குக்குண்டு தொங்கவிட்டேன். ஆறு வாரமா ஒரு மயிரிழை நகரலை. எனக்குத் தலை சுத்திடுச்சு. பார்க்குக்கு அந்தப் பக்கம் பாறை இருக்கே, அது மேல கருவியை வெச்சு மறுபடி பார்த்தேன். நம்ம கட்டடம் அசையவே இல்லை. நான் எந்த மொட்டைமாடியில நின்னு அளந்தேனோ, அதுதான் நகர்ந்துக்கிட்டு இருக்கு."

உள்ளறையில் மகள் பெருமூச்சோடு புரண்டு படுப்பது கேட்டது.

சர்வேயர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பிறகு, இன்னும் பிரிக்காமல் கிடந்த அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். "இந்தக் கட்டடம்தான் சார். பாவம், யாரு வீடு இது? உடனே காலி பண்ணச் சொல்லுங்க."

அவரைத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டு, அண்ணன் போனை எடுத்தார். குரலில் பாசத்தைக் குழைத்துக்கொண்டார்.

"டேய், உன் அண்ணிக்கு இங்க ஒத்தே வரலைடா. பழைய வீட்டையே நினைச்சு நினைச்சு அழறா. பேசாம மறுபடியும் மாத்திக்கலாமா?"

அந்தப் பக்கம் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடும் கூச்சல். தம்பி அவர்களை அதட்டி அடக்கிவிட்டு, நிதானமாகச் சொன்னான்.

"நீங்க இருக்கிற கட்டடத்தை நாங்க போன வருஷமே அளந்துட்டோம்ணா."