எட்டு மணித் தாள்

கிள்ளான் பாலத்து டிராபிக் லைட்டில் கார் நகர்வேனா என்கிறது. எட்டு மணிக்கு எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வின் வரலாற்றுத் தாள். இப்போது ஏழு ஐம்பது. வீட்டுக்கே போய் மாணவியை எழுப்பிக் கூட்டி வரும் விவியன் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கைத் தட்டுகின்றன. வைப்பர் வழிக்க வழிக்க மழை கண்ணாடியை மூடுகிறது. பக்கத்தில் ஷாமினி, டீச்சர் வாங்கித் தந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறாள். வெள்ளைச் சீருடைக்குள்ளிருந்து தொழிற்சாலை டீசட்டையின் ஆரஞ்சுக் காலர் எட்டிப் பார்க்கிறது. அவள் போன் அதிர்கிறது, சூப்பர்வைசர். “எடுக்காதே. பரீட்சைக்கு எல்லாரும் வந்தே ஆகணும்மா.” “அதான் வந்துட்டேனே டீச்சர். தாள்ல பேரை எழுதிட்டு மேசையிலேயே படுத்துக்கிறேன் லா. போதும்தானே?” பச்சை விழுகிறது. பின்னால் ஹார்ன்கள் அலறுகின்றன. டீச்சரின் கால் பிரேக்கை விட்டு எழவில்லை.