இரும்பு நரம்புக்காரன்

“கண்ண மூடி, மூச்ச மெதுவா இழுங்க. பாதுகாப்பான ஒரு இடத்த நினைச்சுப் பாருங்க,” என்றார் இன்னா.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் மன அழுத்தத்தைப் போக்கவென்றே உக்ரைன் தலைநகர் கீவிலிருந்து போர்முனை நகரமான கெர்சனுக்கு வந்திருக்கும் ஆலோசகர்.

ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்திருந்த அந்த அறையில், எல்லோரும் கண்ணை மூடிப் பாதுகாப்பான இடத்தைத் தேடினார்கள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஒருவர் குறட்டை விட்டார்.

யுகிம் மட்டும் கண்ணை மூடவில்லை. ஆலோசகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ் யுகிம், அந்தம்மா பொறுத்துக்கும். உன் பொண்டாட்டி பொறுப்பாளா?” பின்வரிசையிலிருந்து லெவ்கோ சீண்டினான்.

யுகிம் திரும்பவே இல்லை. என்ன ஒரு பக்குவம்!

இடைவேளையில் முட்டைக்கோஸ் வைத்த பன் வந்தது. மன அழுத்தத்துக்கு நல்லதாம். யுகிம் தட்டின்மேல் குனிந்தான்.

அப்போது கூரைக்கு மேல் ட்ரோன் ஒன்று ரீங்காரமிட்டது. சிலுவைக் குறி போட்ட வண்டிகள்மேல் அதற்குத் தனிப் பிரியம். முற்றம் முழுக்க அவைதான் நின்றன.

நாற்காலிகள் உருண்டன. எல்லோரும் மேசைக்கு அடியில். முதலில் பாய்ந்தது ஆலோசகர்தான்.

யுகிம் இரண்டாவது பன்னை எடுத்தான்.

ரீங்காரம் ஆற்றுப் பக்கம் போய்த் தேய்ந்தது. தலையெல்லாம் தூசியோடு எழுந்த இன்னா அவனைச் சுட்டிக்காட்டினார்.

“பாத்தீங்களா? காலையிலேருந்து நான் தொண்டை கிழியச் சொன்னது இதத்தான்!”

கைதட்டினார்கள். யுகிம் வாய் நிறையப் பன்னோடு சிரித்துவைத்தான்.

அழைப்பு வந்தது. சந்தைப் பக்கம் இரண்டு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். அவனுடைய வண்டியில் போகும் மருத்துவ உதவியாளர் ஸ்லாட்டா, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

வண்டிக்குள் ஏறியதும் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

“ட்ரோன். தலைக்கு மேலயே. நீ பன் தின்னுக்கிட்டிருந்த.”

“எப்போ?” என்று கத்தினான் யுகிம்.

போன மாதம் பாலத்தடியில் விழுந்த குண்டு அவன் செவித்திறனைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வண்டிக்கு வேறு ஓட்டுநர் இல்லை.

ஸ்லாட்டா ஜன்னலை இறக்கினாள். அவனுக்கும் சேர்த்து வானத்தைக் கேட்டாள். ஒரு கை அவன் தோளில் இருந்தது.

தட்டினால் மரத்தடிக்கு ஒதுங்க வேண்டும். அழுத்தினால் வண்டியைப் பறக்கவிட வேண்டும்.

அழுத்தினாள்.