ஜெயித்த குற்றம்

"உங்களை யாருங்க ஜெயிக்கச் சொன்னது?"

"மெதுவா பேசும்மா, வெளியில ஆளுங்க..."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! பதினெட்டு வருஷமா ஒழுங்காத் தோத்துட்டு இருந்த மனுஷனுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?"

குத்துச்சண்டைக்காரர் உடை மாற்றும் அறையின் பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய இடப்பக்கத்தில் மனைவி. கைக்கட்டுத் துணியைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே திட்டினாள். கோபமெல்லாம் நாக்கில்தான். கத்தரி என்னவோ பூப்பறிக்கிற பதத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய பிழைப்பே தோற்பதுதான். வளர்ந்துவரும் பையன்களுக்கு எதிரே நின்று, ஆறு ரவுண்டும் கீழே விழாமல் அடி வாங்கி, அவர்களை ஜெயிக்க வைத்து அனுப்புவார். இதுவரை எண்பது சண்டை, எழுபத்தொரு தோல்வி, மிச்சமெல்லாம் சமன். 'இவரை நம்பிப் புள்ளைய இறக்கலாம்' என்று பேர் எடுத்தவர். அப்படிப்பட்டவர்தான் இன்று, தோல்வியே காணாத ஒரு பையனை மூன்றாவது ரவுண்டில் படுக்க வைத்துவிட்டார்.

"சண்டைக்கு ஏற்பாடு பண்ணினவர் மூஞ்சியப் பாத்தீங்களா? வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி! அடுத்த மாசம் இருந்த மூணு சண்டையும் கிடையாதுன்னுட்டுப் போறாரு. இனிமே எவன் கூப்பிடுவான்? பூனைன்னு நம்பிக் கூப்பிட்டா, புலியில்ல வந்து நிக்குது!"

"புலின்னியே, அது போதும் எனக்கு."

"இளிக்காதீங்க. இந்தாங்க, தண்ணி."

பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அடேங்கப்பா, ஒரு தடவை ஜெயிச்சதுக்கே இவ்வளவு ரோஷமா!" என்று பாட்டிலை அவர் மடியில் வைத்தாள். "அந்தப் பையனோட அம்மாவுக்கு என் பக்கத்து நாற்காலி. 'அக்கா, உங்க வீட்டுக்காரர் பாத்து அடிப்பாரில்ல?'ன்னு கேட்டா. 'அவருக்கு ஈ ஓட்டக்கூடத் தெரியாது'ன்னேன். அவ முகத்துல இனி எப்படி முழிப்பேன்?"

அவர் கழுத்தை முழுதாகத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அவனுக்கு இடது கண்ணு தெரியலம்மா."

"என்னது?"

"முதல் ரவுண்டுலயே பிடிபட்டுடுச்சு. அந்தப் பக்கமா குத்து வந்தா தலை அசையவே இல்ல. நான் தோத்திருந்தா, அடுத்து அவனைப் பெரிய ஆளோட மோத விடுவாங்க. இருக்கிற கண்ணும் போயிடும்."

"அப்ப டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா யாரு கேப்பா? ஆனா விழுந்து எழுந்திரிக்கலன்னா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த் தலையிலிருந்து கால்வரைக்கும் பாத்தே ஆகணும். அதான் சட்டம். முகத்துப் பக்கமே போகலம்மா. விலாவுக்குக் கீழே ஒண்ணே ஒண்ணு. வண்டியில அவனாத்தான் ஏறிப் போனான்."

அவள் கோபம் வெந்நீரில் போட்ட உப்பாகக் கரைந்தது. இந்த மனுஷனோடு சண்டை போட்டு அவளால் எப்போதுமே முழுசாக ஜெயிக்க முடிந்ததில்லை. மூன்று சண்டை போனால் போகட்டும்.

"அதுசரி, சண்டைக்கு முன்னாடி எழுத்து அட்டையக் காட்டிக் கண்ணு பாக்குறாங்களே. அதுல எப்படித் தப்பிச்சான்?"

"அதென்ன பெரிய வித்தையா?" அவர் முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி சிரித்தார். "எங்கே போனாலும் ஒரே அட்டைதான். நல்ல கண்ணால மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிட்டா, அப்புறம் அந்தக் கண்ணை மூடினாலும் ஒப்பிச்சிடலாம். கடைசி வரி ட, ப, ய, ர, ம. அதுக்கு மேல ந, க, ல, ச, வ. அதுக்கும் மேல..."

கத்தரி நின்றது.

பதினெட்டு வருஷத்தில் ஒருமுறையும் விழாத மனுஷன். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர். மடியில் பாட்டில் இன்னும் திறக்காமல் கிடந்தது.

அவள் சத்தமில்லாமல் கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, அவருடைய இடது கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்ல ஆட்டினாள். அவர் இமைகூட அசையவில்லை. அடுத்த வரியைப் பெருமையாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க... உங்களுக்கு எத்தனை வருஷமா?"