பலாப்பழத்துக்குப் பின் சீட்டு

உண்ணாமலை அம்மாள் செய்த காரியத்தைத் திருக்கோகர்ணத்தில் ஒருத்தர்கூட நியாயம் என்று சொல்லவில்லை.

உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் அது. அவள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, காலமான கணவர் வாங்கிய பெரிய பிளஷர் கார். மெத்தை வைத்த பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகலாம். இன்னொன்று, மகன் முத்துராமன் சென்னையில் ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கி வந்த பந்தயக் கார். மேலே கூரை கிடையாது, இருப்பது இரண்டே சீட்டு.

மருமகள் சொர்ணவல்லிக்கு அது முதல் ஆடி. கீரமங்கலத்திலிருந்து அழைத்துப்போக வரவேண்டிய அவள் அப்பா, காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நாங்களே கொண்டுவந்து விடுகிறோம் என்று உண்ணாமலை அம்மாள் சொல்லியனுப்பியபோது, மாமியார் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தெருவே மெச்சியது. புறப்படுகிற நேரத்தில்தான் சாயம் வெளுத்தது.

பெரிய காரில் ஏறப்போன மருமகளைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்க எடமில்லத்தா. நீ அவன் வண்டியில வா."

இடம் ஏன் இல்லை? டிரைவர் சிவசாமி பலாப்பழங்களைத் தூக்கிவந்து பின் சீட்டில் வரிசையாக உட்காரவைத்துக்கொண்டிருந்தார். கீரமங்கலத்துக்குப் பலாப்பழம். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன புத்திசாலிகூட இவளிடம் பாடம் கேட்கவேண்டும்.

மூத்த மகள் செவந்திக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் பேச முடியாத கோபத்தைத் தம்பியிடம் காட்டினாள்.

"அந்த வண்டி தண்ணியில மிதக்குற மாதிரி போகுது. ஒன் வண்டி மட்டும் ஏன்டா இடுப்ப ஒடிக்குது?"

மோட்டார் என்றால் முத்துராமனுக்கு வாய் திறக்கும்.

"அது கனமான வண்டிக்கா. ஸ்பிரிங்கும் நீளமா, மெத்துனு இருக்கும். குழியில விழுந்தா ஸ்பிரிங்கே வாங்கிக்கும், ஆளுக்குத் தெரியாது. ஆனா வளைவுல வேகமாத் திருப்புனா ஒரு பக்கமாச் சாயும். பந்தய வண்டி சாயக்கூடாதுல்ல? அதான் ஸ்பிரிங்க இறுக்கி வச்சிருக்கான். டயர்லயும் காத்து கல்லு மாதிரி. ரோட்டுல கெடக்குறதெல்லாம் நேரா முதுகுக்கு வந்துரும்."

மூச்சுவிடாமல் சொல்லி முடித்தவன், பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் விளக்கைத் துடைக்கப் போய்விட்டான். ஸ்பிரிங்கைப் பற்றி இத்தனை பேசுகிறவன், கல்யாணமான நாளாக அவளிடம் முழுதாக ஒரு பேச்சுப் பேசியதில்லை. பகலில் வீடு நிறைய ஆள். அவன் முன்கட்டு, அவள் பின்கட்டு. ராத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வானாம்.

முதல் நாள் சாயங்காலம்தான் சொர்ணவல்லி செவந்தியிடம் அழுதிருந்தாள்.

"அவுகளுக்கு என்னயப் பிடிக்கல மதினி. ஆடிக்குப் போறவள ஆவணியில கூப்புட வருவாகளான்னே தெரியல."

அந்தப் பெண்ணைத்தான் இப்போது வாய் பேசாத ஒருவனோடு, எலும்பை முறிக்கிற வண்டியில் ஏற்றிவிட்டு, பலாப்பழத்துக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறாள் மாமியார்.

புறப்பட்டார்கள். செவந்தி பலாப்பழத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு முன்னால் போகிற வண்டியையே பார்த்தாள். கப்பி ரோட்டில் அது கன்றுக்குட்டி போலத் துள்ளியது. சொர்ணவல்லி முதலில் கதவைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த குழியில் கதவு போதவில்லை. அதற்கடுத்த குழியில் எதைப் பிடித்தாள் என்று பார்ப்பதற்குள் புழுதி மறைத்துவிட்டது.

வேகமாகப் போய் அந்த வண்டியை மறித்து, பெண்ணை இங்கே ஏற்றிக்கொள்ளலாம் என்று செவந்தி மன்றாடினாள். உண்ணாமலை அம்மாள் காதிலேயே வாங்கவில்லை. மெதுவாகவே போகச் சொன்னாள். இவளும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தானா என்று, பெற்ற பெண்ணுக்கே தோன்றியது.

ஆலங்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு புளியமரத்தடியில் சின்னக் கார் நின்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே செவந்தி நினைத்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. முத்துராமன் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கையை ஆட்டி ஆட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் புழுதியாக சொர்ணவல்லி சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி நின்று வெகுநேரம் ஆகியிருக்கவேண்டும். அவனுடைய இன்னொரு கையை அவள் இன்னும் விடவில்லை.

சிவசாமி பிரேக்கை மிதிக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க சிவசாமி. பாக்காத மாதிரி போங்க," என்றாள் உண்ணாமலை அம்மாள்.

கார் அலுங்காமல் அவர்களைத் தாண்டிப் போனது. செவந்தி பலாப்பழங்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏத்தா, இதுக்குத்தானா?"

அம்மாவின் பார்வை முன் சீட்டில் இருந்தது. சிவசாமிக்குப் பக்கத்தில், அப்பா எப்போதும் உட்கார்ந்துவந்த இடம் காலியாகக் கிடந்தது.

"இந்த வண்டி சொகுசுக்கு என்னடி கொறச்சல்," என்றாள் தணிந்த குரலில். "ஒங்க அப்பா முன்னால, நான் பின்னால. ஒரு நா அலுங்குனதில்ல. இப்பக் கண்ண மூடுனா அவுக பிடரிதான் தெரியுது, மொகம் வரமாட்டேங்குது."