தேரை திரும்புகிறது

கட்கி ஊரில் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம். மழைவிட்ட மத்தியான வெயில் சேற்றில் தகரம்போல் மின்னுகிறது. சரிந்துவிட்ட சிமென்ட் குழாயைத் தோள்கொடுத்துத் தாங்கி நிற்கிறான் சேவியர். அடியில் செங்கல் வைக்கப்போன அவன் மனைவி ஞானத்தின் கை சிக்கியிருக்கிறது. குழாய்க்கு இந்தப்பக்கம் விரல்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூட வேலைசெய்யும் யாகூப் கடப்பாரை எடுக்க ஓடியிருக்கிறான். “விரல ஆட்டு புள்ள.” “ஆட்டிக்கிட்டுத்தான இருக்கேன். மரத்துப்போச்சு. அசையுதா?” விரல்களில் சேறு அப்பியிருக்கிறது. சேவியரின் கண்ணில் வியர்வை கரிக்கிறது. “தெரியல.” “கட்டுன நாள்லேர்ந்து உங்களுக்கு என்னதான் தெரிஞ்சிருக்கு?” சொல்லும்போதே அவள் குரல் உடைகிறது. விரல்களுக்கு ஒரு சாண் தள்ளித் தேரை ஒன்று குந்தியிருக்கிறது. அதன் மூக்கருகே மண்புழு கிடக்கிறது. அசையாமல் கிடக்கும்வரை தேரைக்கு அதுவும் மண்தான். புழு நீளவாக்கில் நெளிந்ததும் தேரை உடம்பைத் திருப்புகிறது, முன்னால் சாய்கிறது, நாக்கை வீசுகிறது. முன்கால்களால் வாய்க்குள் திணித்து, கண்களை உள்ளிழுத்து விழுங்குகிறது. பிறகு கல்லாக உட்காருகிறது. சேவியர் தோளை இன்னும் அழுத்தமாகக் குழாய்க்கு முட்டுக்கொடுக்கிறான். தேரை மெல்லத் திரும்புகிறது, இம்முறை ஞானத்தின் சுண்டுவிரல் பக்கம். முன்கால்களை ஊன்றி எழுந்து, உற்றுப் பார்த்து, சாய்கிறது. “அசையுது ஞானம்!” என்று தேரையைப் பார்த்தபடி கத்துகிறான் சேவியர். “ஆட்டு, விடாம ஆட்டு!”