கரைசேர்ந்த படகு

இதய ஆபரேஷன் முடிந்து ஆசீர்வாதம் வீடு திரும்பிய அன்றே, புத்தகம் வாசித்துச் சொல்லும் அவருடைய கருவியில் 'இதமான வாசிப்பு' என்பதை எஸ்தர் போட்டுவிட்டாள். கேட்பவரின் நாடி படபடத்தால், கருவி கதையின் சோகத்தைத் தானே மாற்றி வாசித்துவிடும். கண் தெரியாத கணவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை.

அவரைப் போன்ற நண்பர்கள் போனில் கூடி, கேட்டு முடித்த நாவலைப் பற்றிப் பேசுவார்கள்.

"கடைசியில அந்தப் படகு கரைசேந்ததும் எனக்கு அழுகையே வந்துட்டு" என்றார் ஆசீர்வாதம்.

பிச்சையா சிரித்துவிட்டார். "எந்தப் புஸ்தகத்தவே கேட்டீரு? படகும் போச்சு, அதுல போன மவனும் போயிட்டாமுல்லா."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆசீர்வாதம் போனை வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த எஸ்தர் அழுதபடி உண்மையைச் சொன்னாள்.

"சரி, அணைச்சுப் போடு. கடைசிப் பக்கத்த நீயே வாசி."

அவள் கருவியின் திரையைப் பார்த்து வாசித்தாள். கதையில் புயல் எழுந்தபோது அவர் கை நெஞ்சைத் தடவியது. எஸ்தர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "படகு கரைசேர்ந்தது" என்று வாசித்தாள்.

ஆசீர்வாதம் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மிஷினயாவது அணைச்சுப் போடலாம், எஸ்தர். உன்ன நான் என்ன செய்ய?"